வெல்டிங் ஓரத்துக் கோடு: கல்பாக்கத்து அமிலத் தொட்டிகளை எப்படிச் சோதிக்கிறார்கள்?

கினிகத்தேனையில் மழை பெய்வது செய்தியல்ல, விடுவதுதான் செய்தி. ஹட்டன் வீதியிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் பக்கம் திரும்பும் பாதையில் ஒரு வெல்டிங் கடை இருக்கிறது. கடைக்காரர் எனக்கு மாமா முறை. போன வருடம் அவர் மேட்டு வீடொன்றுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கைபிடி வேலி செய்து கொடுத்தார். எட்டு மாதத்தில் வீட்டுக்காரர் அதில் இரண்டு துண்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்து கடை வாசலில் போட்டுவிட்டார். வெல்டிங் பிடித்த இடம் பளபளவென்று இருந்தது. தூரத்துக் கம்பியும் பளபளவென்று இருந்தது. வெல்டிங்கிலிருந்து சில மில்லிமீற்றர் தள்ளி, இரண்டு பக்கமும், கோடு போட்டாற்போல் பழுப்புத் துரு.

"தகடு நல்லது, கம்பி நல்லது, என் கைவேலையும் நல்லதுதான். அப்புறம் இந்தக் கோடு மட்டும் எங்கேருந்து வருது?" என்றார் மாமா.

நான் அதைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அண்ணன் என்றால் பெரியப்பா மகன். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. பெரியப்பா வீட்டார் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். எங்கள் வீட்டார் 1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனார்கள். நான் பிறந்தது தருமபுரத்தில். 2009க்குப் பிறகு, முகாமிலிருந்து வெளியே வந்தபோது போக இடமில்லாமல், தாத்தா விட்டுப்போன இதே கினிகத்தேனைக்கு அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அண்ணன் இப்போது சென்னைக்குத் தெற்கே ஒரு பட்டறையில் வெல்டர். அமிலம் கையாளும் ஆலைகளுக்குத் தொட்டியும் குழாயும் செய்யும் பட்டறை.

அரை மணித்தியாலத்தில் அவருடைய குரல் பதிவு வந்தது. "தங்கச்சி, எங்க பட்டறையில இந்த மாதிரிக் கோட்டைத் துடைச்சுட்டு விட மாட்டாங்க. வெல்டிங் ஓரத்துல ஒரு துண்டு வெட்டி அமிலத்துல கொதிக்க வைப்பாங்க. போன வருசம் ஒரு லாட் அப்படியே திரும்பி வந்துச்சு. எக்ஸ்ரேயில ஒரு குறையும் இல்ல. அமிலத்துல விழுந்துருச்சு."

எக்ஸ்ரேயில் தெரியாத குறை அமிலத்தில் எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்வியின் பின்னால் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

கல்பாக்கம் நமக்கு எவ்வளவு தூரம்?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பருத்தித்துறையிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே 300 கிலோமீற்றரில் கல்பாக்கம். 2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவையும் வடமராட்சி கிழக்கையும் அடித்த அதே கடல்தான் அன்று காலை அங்கேயும் ஏறியது. சென்னை அணுமின் நிலையத்தின் நீரேற்று அறைக்குள் கடல்நீர் புகுந்ததால் ஓடிக்கொண்டிருந்த உலையை நிறுத்தினார்கள். புதிய ஈனுலைக்காகத் தோண்டியிருந்த குழி நீரால் நிரம்பியது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின.

கூடங்குளம் போராட்டம் நடந்த நாட்களில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அணுவுலை பற்றி நிறையப் பேசினோம். ஆனால், கல்பாக்கத்தில் இருப்பது மின்சாரம் எடுக்கும் உலை மட்டுமல்ல. எரிந்து முடிந்த எரிபொருளைக் கரைத்து, அதிலிருந்து புளூட்டோனியத்தையும் யுரேனியத்தையும் பிரித்தெடுக்கும் ஆலைகளும் அங்கே இருக்கின்றன. கல்பாக்கம் மறுசீராக்க ஆலை 1998இல் இயங்கத் தொடங்கியது; வருடத்துக்கு 100 தொன் எரிபொருளைக் கையாளும் அளவில் கட்டப்பட்டது. வேக ஈனுலை எரிபொருளுக்கான 'கோரல்' என்ற சிறிய ஆலை 2003இல் வந்தது. அதன் பெரிய வடிவத்தை 2024 ஜனவரியில் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

இவற்றையெல்லாம் பெருமையாகப் பேசுகிறவர்கள் ஒரு பக்கம், பயமாகப் பேசுகிறவர்கள் மறுபக்கம். இருவருமே உலோகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மறுசீராக்க ஆலையில் மனிதருக்கும் கழிவுக்கும் நடுவே முதலில் நிற்பது சில மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகடுதான். அது எப்படித் தேறுகிறது, எங்கே தோற்கிறது என்று தெரிந்தால் நம் கேள்விகளைக் கொஞ்சம் கூர்மையாகக் கேட்கலாம்.

ஆலைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எரிபொருள் கோல்களை வெட்டி, கொதிக்கும் செறிந்த நைத்திரிக்கமிலத்தில் கரைக்கிறார்கள். கரைசலிலிருந்து புளூட்டோனியமும் யுரேனியமும் வேறொரு திரவத்துக்குள் இழுக்கப்படுகின்றன. மிஞ்சுவதில்தான் கதிரியக்கத்தின் பெரும்பகுதி இருக்கிறது. அதுவும் அமிலக் கரைசல்தான். அதை ஆவியாக்கிச் சுண்ட வைத்து, குளிர்விக்கும் தொட்டிகளில் சேமித்து, கடைசியில் உருகிய கண்ணாடியோடு கலந்து இறுக வைக்கிறார்கள். கண்ணாடியாகும் வரை எல்லாப் படியிலும் நைத்திரிக்கமிலம் உண்டு. ஒரு மீற்றருக்கும் மேல் தடித்த கொங்கிரீட் சுவருக்குள் தொட்டிகளை வைத்துக் கழிவை ஒருமுறை ஊற்றிவிட்டால், பிறகு வெல்டரோ பரிசோதகரோ உள்ளே சாதாரணமாகக் கால்வைக்க முடியாது. மாமாவின் வேலியைப்போலக் கழற்றிக்கொண்டு வந்து வாசலில் போட முடியாத பொருள் அது.

அதனால்தான் சோதனையெல்லாம் முன்கூட்டியே நடக்கிறது.

அமெரிக்கா ஹான்போர்டில் வேறு வழியில் போனது. போர்க்கால அவசரத்தில் சாதாரணக் காபன் உருக்கில் தொட்டி கட்டி, அமிலக் கழிவைக் காரத்தால் நடுநிலையாக்கி ஊற்றினார்கள். அங்கே நிலத்தடியில் 177 தொட்டிகள் இருக்கின்றன. பழைய ஒற்றைச் சுவர்த் தொட்டிகள் பல கசிந்தன. 2012இல் இரட்டைச் சுவர்த் தொட்டியொன்றின் உட்சுவரும் கசிந்தது கண்டுபிடிக்கப்பட்டது. கழிவை அமிலமாகவே வைத்திருந்தால் காபன் உருக்கு தாங்காது. அதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டும்.

லயத்துச் சுவரும் உலோக மணிகளும்

பழைய லயத்தின் கருங்கல் சுவரைப் பார்த்திருப்பீர்கள். கல்லுக்கு ஒன்றும் ஆகாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பூசிய சாந்துதான் மழையில் கரையும். சாந்து போன பிறகும் சுவர் வெளிப்பார்வைக்குக் கொஞ்ச நாள் சுவராகவே நிற்கும். ஒரு பெருமழையில் கல் கல்லாகச் சரியும்.

உருக்கும் அப்படியான கட்டுமானம்தான். வெறுங்கண்ணுக்கு ஒரே வழவழப்பான பொருளாகத் தெரியும் தகட்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், சிறு சிறு மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பது தெரியும். ஒரு தலைமுடியின் தடிப்புக்குள் இரண்டு மூன்று மணிகள் அடங்கும். மணிகளுக்கு நடுவேயுள்ள எல்லை வழியாக அரிப்பு இறங்குவதைத்தான் மணியிடை அரிப்பு என்கிறார்கள். மொத்தத்தில் கரையும் உலோகம் கொஞ்சம்தான். ஆனால் எல்லை போனால் மணி அப்படியே உதிர்ந்துவிடும்.

ஏன் எல்லையில்? இங்கேதான் விடயம் சுவாரசியமாகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருக்கக் காரணம் அதிலுள்ள குரோமியம். அது காற்றிலும் நீரிலுமுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலொன்றைப் போர்த்திக்கொள்கிறது. அந்தத் தோல் நிலைக்க உருக்கில் சுமார் 12 வீதம் குரோமியமாவது வேண்டும். 304 என்ற வகையில் 18 வீதத்துக்கு மேல் இருக்கும்; தாராளம்.

ஆனால் உருக்கில் காபனும் இருக்கிறது. சுமார் 450 முதல் 850 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் உருக்குச் சிறிது நேரம் நின்றால், காபன் மணி எல்லைக்கு ஓடிவந்து குரோமியத்தைப் பிடித்துக் காபைட்டாகிவிடும். அந்தக் காபைட்டில் 6 காபன் அணுவுக்கு 23 குரோமியம் அணு. எடையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு கிராம் காபன் ஏறக்குறைய 16 கிராமுக்கு மேல் குரோமியத்தைக் கட்டிப்போடும். சாதாரண 304இல் காபன் அதிகபட்சம் 0.08 வீதம். அது முழுவதும் காபைட்டானாலும் மொத்த உருக்கில் போவது 1.3 வீதக் குரோமியம்தான். 18இல் 1.3 போனால் என்ன, மிச்சம் போதுமே என்று தோன்றும்.

நட்டம் மொத்தத்தில் இல்லை, இடத்தில்தான் இருக்கிறது. காபன் சின்ன அணு. தூரத்திலிருந்தும் வேகமாக ஓடிவரும். குரோமியம் பெரிய அணு, மெதுவாகத்தான் நகரும். ஆகவே காபைட்டுக்கு வேண்டிய குரோமியம் முழுவதும் எல்லையை ஒட்டிய மெல்லிய பட்டையிலிருந்தே உறிஞ்சப்படுகிறது. உள்ளேயிருந்து ஈடு வந்து சேர்வதற்குள் உலோகம் ஆறிவிடும். மணியின் நடுவில் 18 வீதம், எல்லையோரத்தில் 12க்கும் கீழே. அறிக்கையில் சராசரி நன்றாக இருக்கும். தலைக்கு இத்தனை ரூபாய் வருமானம் என்று தேசியக் கணக்குக் காட்டும்போது தோட்டத்து லயத்துக்குள் எவ்வளவு வருகிறது என்று கேட்கிறோமே, அதே மாதிரிக் கேள்வி இது.

மாமாவின் கேள்விக்கான பதிலும் இதற்குள் இருக்கிறது. வெல்டிங் பிடித்த இடம் உருகி, வேகமாக ஆறிவிடுகிறது. தூரத்துக் கம்பி சூடேறுவதே இல்லை. நடுவில் சில மில்லிமீற்றர் தள்ளியிருக்கும் பட்டைதான் அந்த ஆபத்தான வெப்ப எல்லைக்குள் நின்று ஆறுகிறது. அதனால்தான் துரு வெல்டிங்கில் வராமல் அதன் ஓரத்தில் வருகிறது.

தீர்வுகள் பழையவை. உருக்கை 1,050 பாகை அளவுக்குச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தால் காபைட்டு கரைந்துவிடும். ஆனால் வீட்டளவு தொட்டியை எந்த உலையில் வைப்பது? இன்னொரு வழி, குரோமியத்துக்கு முன் காபனைப் பிடித்துக்கொள்ளத் தைத்தேனியத்தையோ நியோபியத்தையோ கலப்பது. மூன்றாவது வழி காபனையே 0.03 வீதத்துக்குக் கீழே இறக்குவது. 304எல் என்ற பெயரில் வரும் 'எல்' அதைத்தான் குறிக்கிறது. மறுசீராக்க ஆலைகளில் பெரும்பாலும் இந்த 304எல் தான்.

சான்றிதழில் 304எல் என்று எழுதியிருந்தால் போதுமா? போதாது. அதற்குத்தான் அந்த அமிலச் சோதனை.

முதலில் சந்தேகம், பிறகு தீர்ப்பு

ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் ஏ262 என்ற ஆவணத்தை உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். அதில் பல சோதனைகள் உண்டு. நைத்திரிக்கமில ஆலைகளுக்கு முக்கியமானவை இரண்டு.

முதலாவது ஒரு விரைவுச் சோதனை. துண்டைக் கண்ணாடிபோல் தேய்த்து மெருகேற்றி, 10 வீத ஒட்சாலிக்கமிலக் கரைசலில் வைத்து, சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு அம்பியர் மின்னோட்டத்தை ஒன்றரை நிமிடம் செலுத்துகிறார்கள். பிறகு நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். மணிக்கு மணி உயரம் மாறிப் படிக்கட்டுபோலத் தெரிந்தால் நல்லது. எல்லையில் காபைட்டு இல்லை. எல்லையில் அகழி வெட்டியதுபோல் பள்ளம் தெரிந்து, ஒரு மணியாவது முழுவதுமாக அகழியால் சூழப்பட்டிருந்தால் சந்தேகம். அகழி அங்கங்கே தெரிந்து எந்த மணியும் முழுதாகச் சூழப்படாவிட்டால் அது இடைப்பட்ட நிலை.

இதில் என்னைப் பிடித்து நிறுத்திய ஒரு விதி உண்டு. படிக்கட்டுத் தெரிந்தால் துண்டு தேறியது, அடுத்த சோதனை வேண்டாம். ஆனால் அகழி தெரிந்தால் துண்டு தோற்றது என்று சொல்ல முடியாது. இந்தச் சோதனையை மட்டும் வைத்து எந்த உருக்கையும் நிராகரிக்கக் கூடாது என்று ஆவணமே சொல்கிறது. சந்தேகத்துக்குரியது அடுத்த, நீண்ட சோதனைக்குப் போக வேண்டும்; தீர்ப்பு அங்கேதான்.

இந்த மாதிரி முதற்கட்ட வடிகட்டலை ஆங்கிலத்தில் 'ஸ்கிரீனிங்' என்கிறார்கள். அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு உலோகம் ஞாபகத்துக்கு வரவில்லை. 2009இல் ஓமந்தையில் வரிசையில் நின்றதுதான் வந்தது. எங்களுக்கு நடந்த வடிகட்டலில் சந்தேகமும் தீர்ப்பும் ஒன்றாகவே இருந்தன. இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது சோதனைக்கு ஹியூ சோதனை என்று பெயர். 1930இல் வெளியானது, இன்னும் அதை மிஞ்ச ஒன்று வரவில்லை. 304எல் போன்ற காபன் குறைந்த வகையென்றால், துண்டை முதலில் 675 பாகையில் ஒரு மணித்தியாலம் வேண்டுமென்றே வாட்டுகிறார்கள். வெல்டிங்கில் நடக்கக்கூடிய கெடுதலை முன்கூட்டியே வருவித்துப் பார்க்கும் தந்திரம் இது. பிறகு துண்டை நிறுத்து, 65 வீத நைத்திரிக்கமிலத்தில் 48 மணித்தியாலம் கொதிக்க வைக்கிறார்கள். வெளியே எடுத்து, கழுவி, உலர்த்தி, மறுபடி நிறுக்கிறார்கள். அமிலத்தைக் கொட்டிவிட்டுப் புது அமிலம் ஊற்றி இன்னொரு 48 மணித்தியாலம். இப்படி ஐந்து தடவை. மொத்தம் 240 மணித்தியாலம், பத்து நாள் இரவு பகலாகக் கொதிக்கிறது.

ஐந்து நிறைகளையும் வரிசையாக எழுதிப் பார்ப்பதில்தான் சூட்சுமம். நல்ல துண்டு ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறையும். கெட்ட துண்டு தடவைக்குத் தடவை கூடுதலாக இழக்கும், ஏனென்றால் இப்போது கரைவது மட்டுமல்ல, மணிகள் உதிரவும் தொடங்கிவிட்டன. மோசமான துண்டென்றால் குடுவையின் அடியில் மணல்போல் உலோகத் தூள் கிடக்கும். பழைய ஆட்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது. துண்டைக் கல்லில் போட்டுப் பார்ப்பார்கள். நல்ல உருக்கு மணியோசை தரும். எல்லை அரித்த உருக்கு மரக்கட்டைபோல 'டொக்' என்னும்.

ஒவ்வொரு தடவையும் அமிலத்தை ஏன் மாற்ற வேண்டும்? உருக்கிலிருந்து கரைந்த குரோமியம் கொதிக்கும் அமிலத்தில் ஆறு வலுவளவுள்ள குரோமியமாக மாறுகிறது. அது மேலும் வலுவாக உருக்கைத் தாக்கும். அதாவது அழுக்கு சேரச் சேர அமிலம் கொடியதாகிறது. மாற்றாவிட்டால் துண்டின் குணத்தை அளக்கிறோமா, அழுக்கின் குணத்தை அளக்கிறோமா என்று தெரியாமல் போய்விடும்.

இதே காரணம்தான் இந்தச் சோதனையின் எல்லையையும் காட்டுகிறது. ஆலைக்குள் இருக்கும் அமிலத்தை 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை யாரும் மாற்றுவதில்லை. அதில் குரோமியம் மட்டுமல்ல, ருத்தீனியம், சீரியம், நெப்டியூனியம், புளூட்டோனியம் என்று அமிலத்துக்கு வலுவேற்றும் பொருட்களும் இருக்கின்றன. அவை உருக்கின் பாதுகாப்புத் தோலையே கரைக்கும் நிலைக்குத் தள்ளிவிடும். அந்த நிலையில், காபைட்டே இல்லாத நல்ல உருக்கும் மணி எல்லை வழியாக அரிக்கப்படுகிறது. சிலிக்கனும் பொசுபரசும் எல்லையில் சேர்ந்திருப்பது போதும்.

ஆகவே ஹியூ சோதனையில் தேறியது என்றால் அந்த உருக்கு சரியாக உருக்கப்பட்டு, சரியாக வாட்டப்பட்டு வந்திருக்கிறது என்றுதான் பொருள். அந்தத் தொட்டி நாற்பது வருடம் தாங்கும் என்று பொருளல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் ஒரு அதிகாரியையோ அமைச்சரையோ கேட்டால், அந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.

கல்பாக்கத்து ஆய்வாளர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் அரிப்பு ஆய்வுக் குழு 1990களிலிருந்தே மறுசீராக்க ஆலைக்கான உலோகங்கள் பற்றி ஆய்விதழ்களில் எழுதிவருகிறது. யு. காமாட்சி முதலி, பிறகு மையத்தின் இயக்குநராக இருந்த பல்தேவ் ராஜ் போன்றோரின் பெயர்களை அங்கே காணலாம். 'நைத்திரிக்கமிலத் தரம்' என்று தனியாக ஒரு 304எல் வகை உண்டு. காபன், சிலிக்கன், பொசுபரசு, கந்தகம் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டுப்படுத்தி உருக்குவது. குழாயை வெட்டிய முனையில் அரிப்பு சுரங்கம்போல நீளவாக்கில் போகும் இன்னொரு வியாதி இருக்கிறது. உருக்கை உருட்டும்போது இழுபட்டு நீளும் கந்தக அழுக்குகள் அதற்கு வழி விடுகின்றன. கந்தகத்தைக் குறைப்பது அதற்காகவும்தான்.

ஈனுலை எரிபொருளைக் கரைக்க இன்னும் செறிவான அமிலத்தைக் கொதிக்க வைக்க வேண்டும். அங்கே 304எல் தாக்குப்பிடிக்காது. அதனால் கரைக்கும் பாத்திரத்தைத் தைத்தேனியத்தில் செய்தார்கள். தைத்தேனியத்தோடு 5 வீதம் தந்தாலமும் 1.8 வீதம் நியோபியமும் சேர்த்த கலவையையும் ஆராய்ந்தார்கள். வெறும் தைத்தேனியம் அமில ஆவி படிந்து வடியும் மேற்பகுதியில் தேய்கிறது என்பது காரணம். கழிவைக் கண்ணாடியாக்கும் உருக்குப் பாத்திரத்துக்கு, 30 வீதத்துக்குக் கிட்டக் குரோமியம் கொண்ட, நிக்கலை அடிப்படையாகக் கொண்ட 690 என்ற கலவையை இந்திய ஆலைகள் பயன்படுத்துகின்றன. அதுவும் நீண்ட நேரம் வெப்பத்தில் நின்றால் எல்லையில் காபைட்டு கட்டும். எந்த உலோகமும் இந்தச் சோதனையிலிருந்து தப்புவதில்லை.

கொங்கிரீட்டுக்குப் பின்னால்

சோதனையெல்லாம் சரியாக நடந்த பிறகும் என்ன நடக்கலாம்? மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கம் மறுசீராக்க ஆலையில் ஆறு ஊழியர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். வால்வு ஒன்று பழுதாகி, தாழ்நிலைக் கழிவுக்கான தொட்டிக்குள் உயர்நிலைக் கழிவு வந்து சேர்ந்திருந்தது. மாதிரி எடுக்கப் போனவர்களுக்கு அது தெரியவில்லை. அந்த இடத்தில் எச்சரிக்கும் கதிர்வீச்சு அளவி இல்லை. அங்கே உருக்கு அரிக்கவில்லை. தகடு நின்றது, வால்வு தோற்றது.

பிரித்தானியாவின் செலாபீல்டில் 2005 ஏப்ரலில் கண்டுபிடிக்கப்பட்டது இரண்டாவது. எரிபொருள் கரைத்த அமிலம் 83 கனமீற்றர், அதில் ஏறக்குறைய 20 தொன் யுரேனியமும் புளூட்டோனியமும், உடைந்த ஒரு குழாய் வழியாக அறையின் தரையில் தேங்கிக் கிடந்தது. மாதக்கணக்காக யாரும் கவனிக்கவில்லை. அறையின் தரைக்கும் உருக்குத் தகடு பதித்திருந்ததால் வெளியே போகவில்லை. காரணம் அரிப்பல்ல; தொட்டி ஆடி ஆடிக் குழாய் களைத்து முறிந்தது.

மூன்றாவதில்தான் அரிப்பு வருகிறது. பிரான்சின் லா ஹேக்கில் கழிவைச் சுண்ட வைக்கும் ஆவியாக்கிகளின் சுவர்கள் திட்டமிட்டதைவிட வேகமாகத் தேய்வது கடந்த தசாப்தத்தில் தெரியவந்தது. தடிப்பை அளந்துகொண்டே இருந்ததால் தெரிந்தது. ஒழுங்குமுறை ஆணையம் அதைப் பகிரங்கமாக அறிவித்தது. அளவீடுகளை அடிக்கடி எடுக்கச் சொன்னது. புதிய ஆவியாக்கிகள் கட்டப்பட்டன. அந்த உலோகமும் ஒரு காலத்தில் எல்லாச் சோதனையிலும் தேறி உள்ளே போனதுதான்.

என்னைப் பொறுத்தவரை லா ஹேக்கில் நடந்தது தோல்வியும்தான், அதே நேரத்தில் அங்கேதான் விடயம் சரியாக நடந்தது. சுவர் தேய்கிறது என்று யாரோ அளந்தார், யாரோ வெளியே சொன்னார். இந்தியாவில் 2000ஆம் ஆண்டு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழிருந்த ஆலைகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து விலக்கப்பட்டன. கல்பாக்கம் மறுசீராக்க ஆலையும் அவற்றில் ஒன்று. ஆலையை நடத்துகிறவரும் ஆலையைப் பார்க்கிறவரும் ஒரே வீட்டு ஆட்களாகிவிட்டார்கள். உலோகம் பற்றிய நல்ல ஆய்வுக் கட்டுரைகள் அந்த வீட்டிலிருந்து வருகின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுகூடக் குடுவைக்குள் இருக்கும் துண்டு வேறு, சுவருக்குப் பின்னாலிருக்கும் தொட்டி வேறு.

சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தபோது நாம் பட்ட பாட்டை யோசித்துப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரிந்த எண்ணெய், மூக்குக்குத் தெரிந்த வாடை. அதற்கே உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2019இல்தான் வந்தது. இலங்கையிலும் அணுமின் பற்றி அவ்வப்போது பேசப்படுகிறது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தில், நடத்தும் சபையும் ஒழுங்குபடுத்தும் பேரவையும் தனித்தனியாக்கப்பட்டன என்பது அந்த வகையில் நல்ல விடயம். காகிதத்தில் பிரிந்தவை நடைமுறையிலும் பிரிந்து நிற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் வேலை.

அக்கரையில் இருக்கும் ஆலை பற்றியும், நாளை இக்கரையில் வரக்கூடிய எதைப் பற்றியும், இனி நான் கேட்க நினைப்பது மிகச் சாதாரணமான கேள்விகள். எந்த உருக்கு? சோதித்த துண்டு வெறும் தகட்டிலிருந்து வெட்டியதா, வெல்டிங் ஓரத்திலிருந்து வெட்டியதா? ஐந்து தடவையும் நிறை எப்படிப் போனது? உள்ளே போன பிறகு சுவரின் தடிப்பைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள், அதை யாரிடம் காட்டினீர்கள்?

மாமாவின் வேலிக்கு வருகிறேன். அண்ணன் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. "அது மணி எல்லையிலதான் அரிக்குதுன்னு இப்பவே சொல்லிறாதீங்க. வெல்டிங் சூட்டுல தோல் கறுத்துப் போனாலும் அப்படித்தான் துரு வரும். கிரைண்டர்ல இரும்பு வெட்டுன தூள் பட்டாலும் வரும். மாமாகிட்ட சொல்லுங்க, ரெண்டு துண்டையும் நல்லாத் தேய்ச்சு, வெல்டிங் கறையை எடுக்குற பேஸ்ட் போட்டுக் கழுவி, மழையில வைக்கச் சொல்லுங்க."

கினிகத்தேனையில் மழைக்கு என்ன குறை. கடையின் பின்புறம் தகரக் கூரைக்கு வெளியே இரண்டு துண்டுகளையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது ஒன்று சுத்தமாக இருந்தது. மற்றதில் அதே இடத்தில் அதே கோடு மறுபடியும் வந்திருந்தது. மாமா எதையோ யோசித்தவராய் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துவந்தார். சுத்தமான துண்டில் அது நிற்காமல் விழுந்தது. கோடு வந்த துண்டில் பச்சென்று ஒட்டிக்கொண்டது. இரண்டு கம்பிகளும் ஒரே கடையில், 304 என்ற ஒரே பில்லில் வாங்கியவை.

"பில்லைத் தேடி எடுத்து வைக்கணும்" என்றார் மாமா. அடுத்த முறை கம்பி வாங்கப் போகும்போது காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகப் போகிறாராம்.